ஆறுனப்பறம் எடுங்க

தமிழில் ‘ஆறு’ என்ற சொல்லை யார் உண்டாக்கினாரோ, அவர் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். தண்ணீர் ஓடினாலும் ஆறு, ஐந்துக்கு அடுத்ததும் ஆறு, சூடு தணிந்தாலும் ஆறு. இவ்வளவு பெரிய மொழியில் இதற்கு மூன்று சொல் வைத்தால் குறைந்தா போய்விடும்? என் இரண்டு வருட உழைப்பு இந்த ஒரு சொல்லில்தான் உடைந்தது. உடைந்தது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. டிக் என்று சத்தம் கேட்க உடைந்தது.

என்ன ஆராய்ச்சி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும், கேட்காவிட்டாலும் வரும். ‘நானோ’ என்று வாயைத் திறந்தால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஒரு குட்டிக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் தெரு ஆன்ட்டி ஒருவர் பிடித்துக்கொண்டார். “முப்பத்தெட்டு வயசாச்சு. இருந்த வேலையையும் விட்டுட்டு இன்னும் என்னம்மா படிப்பு? கம்ப்யூட்டரத்தான் ஏற்கெனவே கண்டுபிடிச்சிட்டாங்களே?”

பொறுமையாகச் சொன்னேன். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த கம்பெனி ஊரின் மறுகோடியில், ஹெப்பகோடிக்குப் பக்கத்தில். எட்டு மணி நேர வேலைக்கு நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போகும். கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கூத்துதான் நடக்கிறது. எண்கள் குடியிருப்பது ஓரிடம், கணக்குப் போடுவது இன்னோரிடம். ஒரு கூட்டல் போட எண்ணை இங்கிருந்து அங்கே சுமந்துபோக வேண்டும், விடையைத் திரும்பச் சுமந்துவர வேண்டும். கூட்டலுக்குச் செலவாகும் மின்சாரத்தைவிட இந்தப் போக்குவரத்துக்கு ஆவதுதான் அதிகம். எண் குடியிருக்கிற அறையிலேயே கணக்கையும் போட்டு முடித்துவிட்டால் என்ன? அதற்கான அறைகளைச் செய்வதும், அவற்றை எப்படி அடுக்கினால் வேலை நடக்கும் என்று பார்ப்பதும்தான் என் ஆராய்ச்சி. ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சின்ன அறைகள்.

ஆன்ட்டி கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீ ஹெப்பகோடியிலயே வீடு பாத்திருக்கலாமே?” என்றார்.

அந்த அறைகளை வேஃபர் மேல்தான் கட்ட வேண்டும். வேஃபர் என்பது வட்டமான சிலிக்கன் தட்டு. அப்பளத்தைவிட மெலிசு, அப்பளத்தைப் போலவே உடையும். பன்னிரண்டு தட்டில் ஆரம்பித்தேன். ஒன்று கைதவறி விழுந்தது, அது என் தப்பு. ஒன்றில் மேல்பூச்சு உரிந்து வந்தது, அது யார் தப்பு என்று இன்றுவரை தெரியாது. நான்கு தட்டுகளை வேறொரு மாணவர் தன்னுடையது என்று நினைத்து அமிலத்தில் முக்கி எடுத்தார், சாரி என்றார். இப்படியே போய்க் கடைசியில் மிஞ்சியது ஒன்று. என் பதிவுக் காலம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அந்த ஒரு தட்டை அளந்து எண்கள் கிடைத்தால் பட்டம். கிடைக்காவிட்டால் கமிட்டி முன்னால் போய் எக்ஸ்டென்ஷன் கேட்க வேண்டும். தாமதம் மாணவரின் தப்பால் வரவில்லை என்று காட்டினால்தான் அதுவும் தருவார்கள்.

கடைசி வேலை ஃபர்னஸில். நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் தட்டை வைத்து, நைட்ரஜனை ஓடவிட்டு, நாலு மணி நேரம் சுட வேண்டும். பிறகு சூட்டை நிறுத்திவிட்டு உள்ளேயே ஆறவிட வேண்டும். சூட்டோடு எடுத்துச் சில்லென்ற ஸ்டீல் மேசையில் வைத்தால் என்ன ஆகும் என்பது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற டீயை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஃபர்னஸைப் பார்த்துக்கொள்பவர் ஸ்ரீராம்புரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஏஜென்சி மூலம் வந்த ஆள், வருடா வருடம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், கோபம் வந்தால் தக்னி உருதுவில் இரண்டு வார்த்தை விழும், இங்கிலீஷை மட்டும் அளந்து செலவழிப்பார். லேபின் மொழியோ இங்கிலீஷ். பாட்னாக்காரரும் பாலக்காட்டுக்காரரும் வேறு எதில் பேசிக்கொள்வது? நான் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்குள்ளும் தமிழ்தான். அவருக்கு நான் மேடம், எனக்கு அவர் அண்ணா. அந்தக் கட்டடத்தில் வாய் வலிக்காமல் நான் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

ஃபர்னஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. சிலருக்கு ஆறவைத்து எடுக்க வேண்டும். சிலர் வேண்டுமென்றே சூட்டோடு எடுக்கச் சொல்வார்கள், அவர்கள் ஆராய்ச்சி அப்படி. அவர் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை, நோட்டில் எழுதியிருப்பதைச் செய்வார். அன்று நோட்டில் நான் சூடு எவ்வளவு என்று எழுதினேன், எத்தனை மணி நேரம் என்று எழுதினேன். எப்படி எடுக்க வேண்டும் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். எடுக்கும்போது நானே பக்கத்தில் நிற்பேன் என்று நினைப்பு.

நிற்க முடியவில்லை. காலையில் வர வேண்டிய நைட்ரஜன் சிலிண்டர் மதியம்தான் வந்தது. ஒன்றரை மணிக்கு மேல்தான் ஃபர்னஸைத் தொடங்க முடிந்தது. அதே நேரத்தில் ஹெப்பகோடி பட்டறையிலிருந்து போன். தட்டை வைத்து அளப்பதற்கான ஸ்டாண்டைச் செய்ய அங்கே கொடுத்திருந்தேன். இன்று வந்து வாங்கிக்கொண்டால் உண்டு, நாளை முதல் பண்டிகை லீவு, ஒரு வாரம் கடை திறக்காது என்றார்கள். போனேன். “அஞ்சே நிமிஷம் மேடம், ஒரே ஒரு ஓட்டதான் போடணும்” என்று பட்டறைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த ஐந்து நிமிடம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. திரும்பும்போது டாக்ஸி ஓசூர் ரோட்டில் நின்றது. நகரவில்லை, நின்றது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், இரண்டும் ஹாரனைக் கைவிடவே இல்லை. மணி ஐந்தே முக்கால். அப்போது அவர் போன் செய்தார்.

“மேடம், டைம் முடிஞ்சிருச்சு. எடுத்துரட்டா?”

“ஐயோ, இப்ப எடுக்காதீங்கண்ணா. ஆறுனப்பறம் எடுங்க.”

“என்னா மேடம்? ஒண்ணும் கேக்கல.”

“ஆறுனப்பறம்! ஆறுனப்பறம் எடுங்கண்ணா!”

“ஆறானப்பறமா? சரி மேடம்.”

“ஆமா, ஆமா” என்று நான்தான் சொன்னேன். இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஓர் எழுத்துதான் வித்தியாசம். சூடு ஆறிய பிறகு என்றேன் நான். மணி ஆறு ஆன பிறகு என்று கேட்டது அவருக்கு. ஐந்தே முக்காலுக்கு ஒருத்தி அப்படிச் சொன்னால், இன்னும் கால் மணி நேரம் சுட வேண்டும் போலிருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஏழு மணிக்கு இதே போன் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் இங்கிலீஷில் பேசியிருந்தாலும் ஆகியிருக்காது. இரண்டு தமிழர்கள் சரியாக அந்தக் கால் மணி நேரத்தில் பேசினால் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு, என் கடைசித் தட்டுக்குத்தான் நடக்க வேண்டுமா?

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் டிரைவரோடு சண்டையில் இருந்தேன். மேம்பாலத்தில் ஏறாமல் கீழே ஏன் போனீர்கள் என்பது சண்டை. இரண்டு முறையும் கட் செய்தேன். ஆறே காலுக்கு மூன்றாவது முறை வந்தபோதுதான் எடுத்தேன்.

“மேடம், ஒடஞ்சிருச்சு மேடம்.”

“எது?”

“உங்க வேஃபரு. மேசமேல வெச்சேன். டிக்குன்னு ரெண்டாப் போயிருச்சு.”

“ஆறறதுக்குள்ள ஏண்ணா எடுத்தீங்க?”

“ஆறு அடிச்சப்பறம்தான மேடம் எடுத்தேன். நீங்கதான ஆறானப்பறம்னீங்க. இவ்ளோ சூடா இருக்கே, எடுக்கலாமான்னு கேக்கதான் ரெண்டு தபா போன் போட்டேன். நீங்க எடுக்கல.”

நான் போட்ட கத்தலில் டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டார். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அண்ணா என்று சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கலையேன்னு சும்மாவா சொன்னாங்க” என்றார்.

“நான் பொறுத்தேன்! ஆறணும்னு சொன்னதே நான்தான்! உங்களுக்குப் பழமொழி சொல்ல வேற நேரமே கிடைக்கலையா?”

அவர் எழுந்துபோய்க் காபி போட்டு, ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அந்த டம்ளரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்படியே வைத்தது ஆறிப்போனது, பிறகு அவரே எடுத்துக் குடித்தார்.

மறுநாள் காலையில் லேபில் போய்ப் பார்த்தேன். இரண்டு துண்டு. மேல்பூச்சு சூட்டோடு காற்றுப் பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது. எங்காவது ஒரு மூலை பிழைத்திருக்குமா என்று மதியம்வரை அளந்தேன். எல்லாம் செத்துப்போயிருந்தது. என் கைடிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, தலைக்கு மேல் வேலை உள்ள மனிதர். கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நாலு நாளில் கமிட்டி கூடுகிறது, காரணம் என்ற இடத்தில் ‘ஆபரேட்டர் எரர்’ என்று இரண்டு சொல் எழுதிக் கொடு, எக்ஸ்டென்ஷன் தானாக வரும் என்றார். அந்த இரண்டு சொல்லால் அந்த ஆபரேட்டருக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அது ஏஜென்சியின் விஷயம் என்றார்.

அவர் அறையிலிருந்து அலுவலகத்துக்குப் போனால் அங்கே எனக்காக ஒரு தாள் காத்திருந்தது. ஃபர்னஸ்காரர் காலையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதியது: ‘மிஸ்டேக் மை சைட். மேடம் டோல்ட் கரெக்ட்.’ கீழே கையெழுத்து. என் ஃபைலோடு இணைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். பாதிப் படியில்தான் கோபம் வந்தது. அது அவர் மேல் வந்த கோபமா என் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. நேராக ஃபர்னஸ் அறைக்குப் போனேன்.

“இத எழுதச் சொல்லி யாரு கேட்டா உங்கள?”

“யாரும் கேக்கல மேடம்.”

“உங்க தப்பு என்ன இதுல? போன கட் பண்ணது நான். நோட்டுல எழுதாம விட்டது நான்.”

“உங்களுக்குப் படிப்பே போயிரும்ன்றாங்க மேடம். எனக்கின்னா, இங்க இல்லாங்காட்டி ஏஜென்சில வேற எடத்துல போடுவான். ஆஃபீஸ்ல பேசிட்டேன். சத்தமில்லாம முடிஞ்சிரும், நீங்க விடுங்க.”

“எனக்கு யாரும் தியாகம் பண்ண வேணாம்!” என்று கத்தினேன். தட்டு உடைந்ததற்குக் கத்தியதைவிட அதிகமாகக் கத்தினேன். கெட்டவர்களோடு சண்டை போட எனக்குத் தெரியும், பதினைந்து வருடம் கம்பெனியில் பழக்கம். இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது? அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே, “மெதுவா மேடம், வெளிய கேக்குது” என்றார்.

இவ்வளவு கத்தினேனே தவிர, அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. நாலு நாளும் பைக்குள்ளேயே இருந்தது. டிபன் பாக்ஸை எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டது. வயதான காலத்தில் படிக்க வந்துவிட்டேன், இது போனால் இனி எந்தக் கதவும் இல்லை என்று ஒரு மனம். அந்த ஆளுக்கு வருடத்துக்கு ஒரு முறை திறக்கும் கதவுதான் இருக்கிறது என்று ஒரு மனம். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டுக்காரர் பழமொழி எதுவும் சொல்லவில்லை.

கமிட்டியில் மூன்று பேர். ஒருவர் கொல்கத்தா, ஒருவர் டெல்லி, ஒருவர் தார்வாட். தாளை எடுத்து மேசையில் வைத்து, இதில் இருப்பது உண்மை இல்லை என்றேன். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். தமிழில் நடந்ததை இங்கிலீஷில் சொல்வதைப் போல் ஒரு தண்டனை வேறில்லை. ஆறு மணிக்கும் ஆறுவதற்கும் ஒரே சொல்லா என்று டெல்லிக்காரர் இரண்டு முறை கேட்டார். பிறகு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றார் கொல்கத்தாக்காரர். ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறோம் சார், போன வாரம்தான் முடியவில்லை என்றேன். தார்வாட்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கன்னடத்திலும் இதே கதைதான் என்று மற்ற இருவருக்கும் அவரே விளக்கினார். ஐந்து நிமிடம் அந்த அறையில் எல்லோரும் ஆறைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் ஒருவர், அதை ஏன் இங்கிலீஷில் சொல்லவில்லை என்று கேட்டார்.

“எரிச்சலில் இருக்கும்போது எனக்கு இங்கிலீஷ் வராது சார்” என்றேன்.

மூன்று மாதம் கொடுத்தார்கள். கடைசி எக்ஸ்டென்ஷன் என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது எனக்கு என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது, மறைப்பானேன்? நேராகப் போய் அவரிடம், “உங்க மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டேண்ணா” என்றேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். “அய்யோ, மீட்டிங்லயா சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டார்.

பத்து நாளில் கூட்டக் குறிப்பு வந்தது. மாணவிக்கும் டெக்னீஷியனுக்கும் இடையே தகவல் தொடர்பில் இடைவெளி இருந்ததாகவும், இனி ஃபர்னஸ் பகுதியில் எல்லா உத்தரவும் பேச்சும் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்றும், டெக்னீஷியனின் ஆங்கிலப் புரிதல் போதாததால் அவருக்குப் பயிற்சி தேவை என்றும் அதில் இருந்தது. நகல் ஏஜென்சிக்கு. நான் சொன்ன எந்த வாக்கியத்தில் அவர் இங்கிலீஷ் வந்தது? புரியாமல் போனது என் தமிழ் அல்லவா? அலுவலகத்தில் போய் ஒரு மணி நேரம் வாதாடினேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்றார்கள். ஃபர்னஸ் அறைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏஜென்சி அவரைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பியது, கல்லூரி முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘கூல்’, ‘கூலிங்’, ‘கூல்டு’ என்று சொல்லிப் பார்க்க. வருட கான்ட்ராக்டை மூன்று மாதமாகக் குறைத்து, தேறினால் பார்க்கலாம் என்றார்கள். அவர் எழுதிக் கொடுத்த தாளோடு விஷயம் முடிந்திருந்தால் இடம் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். இப்போது காகிதத்தில் ஏறிவிட்டது.

புதுத் தட்டு செய்ய ஏழு வாரம் ஆனது. இந்த முறை எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன், பக்கத்திலேயே நின்றேன், அவர் இங்கிலீஷில் சூட்டைப் படித்துச் சொல்ல, நான் இங்கிலீஷில் தலையாட்டினேன். அளந்து பார்த்தேன். அறைகள் எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டன, இருந்த இடத்திலேயே கூட்டின. எனக்கு வந்த சந்தோஷத்தில் நோட்டீஸாவது ஒன்றாவது, காரிடாரில் ஓடிப்போய், “அண்ணா, வேலை செய்யுதுண்ணா! கூட்டல் வருதுண்ணா!” என்றேன்.

“வெரி குட், மேடம்” என்றார் அவர்.

“நமக்குள்ள என்னண்ணா இங்கிலீஷு?”

“ரூல், மேடம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. இது அநியாயம், நான் விடப்போவதில்லை, நாளைக்கே டைரக்டரைப் பார்க்கிறேன், உங்கள் கான்ட்ராக்டைப் பற்றியும் சேர்த்துப் பேசுகிறேன் என்று படபடத்தேன். அவர் காரிடாரின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்.

“வேணாம் மேடம். உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். எனக்காக இன்னொரு தபா போயி பேசிராதீங்க.”